சுறா சொன்ன வோல்டேஜ்

மார்ச் 3, திங்கள்

ரெண்டர் மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது. திரை நீலமானது, பிறகு கறுப்பானது, பிறகு ஒன்றும் அறியாத பாவனையில் கம்ப்யூட்டர் தானே எழுந்து உட்கார்ந்துகொண்டது. சமையலறைப் படம் முக்கால்வாசி வந்திருந்தது.

இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்தது போலக் காட்டுவது என் வேலை. வெளிச்சம் எங்கே விழும், அலமாரிக் கதவு எப்படிப் பளபளக்கும் என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு மெஷின் வரைய வேண்டும், அதுதான் ரெண்டர். ஒரு படத்துக்கு மணிக்கணக்காகும். பாப்பா தூங்கும் நேரத்திலிருந்து பிய்த்துப் பிய்த்துச் சேர்த்த மணிகள் எல்லாம் போச்சு.

பிரசவத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை. ஒரு ஹால், ஒரு சமையலறை, இரண்டே படம். ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் தொடர்ந்து தருவதாக, வேலை கொடுத்த கம்பெனி மேடம் சொல்லியிருக்கிறார்.

இவர் வந்ததும் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒரே நேரத்துல என்னென்னத்த திறந்து வெச்சிருந்த?" என்றார்.

நான் திறக்காமல் வைத்திருந்தது என் வாயை மட்டும்தான்.

மார்ச் 5, புதன்

இன்றும் நின்றது. "கொஞ்சம் ஏத்திவிட்டிருக்கேன், இனிமே நிக்காது" என்கிறார். எதை ஏற்றினார் என்று கேட்டால், "உனக்குச் சொன்னா புரியாது." எனக்கா? நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவளுக்கா?

மார்ச் 6, வியாழன்

பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் வெளியே வந்தது. ப்ராசசரை ஓவர்கிளாக் செய்து வைத்திருக்கிறார், போன மாதமே. கம்பெனி 4.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடச் சொல்லி அனுப்பியதை 4.9-க்கு ஏற்றிவிட்டாராம். அந்த வேகத்துக்குத் தீனி வேண்டும் என்று வோல்டேஜையும் தூக்கியிருக்கிறார். எவ்வளவு வைப்பது என்று யாரைக் கேட்டாராம் தெரியுமா? சுறாவை.

சுறா, இவரோடு கேம் விளையாடும் கூட்டத்தில் ஒருத்தன். நிஜப் பெயர் இவருக்கே தெரியாது, முகமும் பார்த்ததில்லை. "அவனும் இதே ப்ராசசர்தான் வெச்சிருக்கான். 1.42 வோல்ட் போட்டிருக்கான், பட்டாசா ஓடுது."

முகம் தெரியாத ஒரு மீன் சொன்னதைக் கேட்டு என் பிழைப்பில் கை வைத்திருக்கிறார்!

கேட்டால் வக்கீல் மாதிரி வாதம். "என் கேம் மூணு மணி நேரம் ஓடுது, ஒரு சிணுங்கல் இல்ல. உன் படம் போட்டாத்தான் நிக்குது. அப்ப கோளாறு எதுலன்னு நீயே சொல்லு."

பதில் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 8, சனி

ரிப்பேர்காரர் வந்தார். கதவைத் திறந்தவளைப் பார்த்து முதல் கேள்வி, "சார் இல்லீங்களா?" தூசி ஊதினார். பிறகு என் முன்னாலேயே நின்றுகொண்டு இவருக்குப் போன் போட்டார். "கேம் ஓடுதுன்னா மெஷின் கல்லு மாதிரி இருக்குன்னு அர்த்தம் சார். மேடத்த வேற சாஃப்ட்வேர் போட்டுப் பாக்கச் சொல்லுங்க."

யோவ், மேடம் இங்கதான்யா நிக்கிறேன். உன் மூக்குக்கு நேரா.

சொல்லவில்லை. தூக்கத்தில் இருந்த பாப்பா எழுந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாமியார் போனில்: "கைப்பிள்ளைய வெச்சுக்கிட்டு இப்ப எதுக்கும்மா அவசரம்?" கம்ப்யூட்டர் நின்ற செய்தி அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. படம்தான் போய்ச் சேர மாட்டேன் என்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

சமையலறையை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார்கள்.

மேடம் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பரவால்லம்மா. குழந்தை கொஞ்சம் பெருசாகட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். அவ்வளவு கனிவான குரல். குழந்தை என்ன செய்தது? பால் குடித்தது, தூங்கியது, பல் முளைக்கும் ஈறால் என் தோளைக் கடித்தது. அவள் மேல் ஏன் பழி? மெஷின் என்றேன். மெஷின் என்று எல்லாரும்தான் சொல்வார்கள் என்பது போல ஒரு "ம்" வந்தது.

கெஞ்சினேன். ஹால் படத்தை மட்டும் அடுத்த வெள்ளிக்குள் கொடுக்கச் சொன்னார். அதுவும் நின்றால் அவ்வளவுதான், திரும்பக் கூப்பிட மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

மார்ச் 12, புதன்

படித்தேன். தயாரித்தவர்கள் போட்டிருக்கும் கையேடு, விவரம் தெரிந்தவர்கள் சண்டை போட்டு எழுதியவை, எல்லாம். பாப்பாவை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே.

ப்ராசசருக்குள் பல கோர்கள், தனித்தனியாகக் கணக்குப் போடும் குட்டி மூளைகள் மாதிரி. இவருடைய கேமுக்கு அதில் இரண்டு மூன்று வியர்வை சிந்தினால் போதும். ரெண்டருக்கு அத்தனையும் ஒரே சமயத்தில், மணிக்கணக்காக, மூச்சு விடாமல் உழைக்க வேண்டும். அதனால் பலவீனம் முதலில் தெரிவது என் வேலையில்தான். கேம் ஓடுகிறது என்பது ஒரு சாட்சியே அல்ல!

ஒரே பெயர் போட்ட இரண்டு ப்ராசசர்கூட ஒன்றுபோல் இருக்காதாம். சுறாவுடையது தாங்குவதை எங்களுடையது தாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வோல்டேஜ் ஏற ஏறச் சூடு ஏறும். அளவு மீறினால் உள்ளேயே அரிக்கும். அரித்தபின் பழைய வேகத்துக்கே இன்னும் வோல்டேஜ் கேட்கும். நின்றுவிட்டதே என்று மறுபடி ஏற்றினால் மறுபடி அரிக்கும்.

வேகமும் வோல்டேஜும் வைக்கும் பயாஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 1.42 இல்லை. 1.46. ஒவ்வொரு முறை என் ரெண்டர் நின்றபோதும் சத்தமில்லாமல் ஒரு சொட்டு ஏற்றியிருக்கிறார். ரெண்டர் ஓடும்போது சூடு 98 டிகிரி. பாப்பாவின் தொட்டில் அதே அறையில். உடனே இழுத்துக் கூடத்தில் போட்டேன்.

மார்ச் 13, வியாழன்

கேட்டுவிட்டேன்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ எடை பாத்துத்தானேங்க மருந்து ஊத்தினோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவுன்னு கேட்டா ஊத்தினோம்? காய்ச்சல் விடலைன்னா மூடி மூடியா ஊத்திக்கிட்டே இருப்பீங்களா?"

"நாலு பக்கம் படிச்சிட்டு எனக்கே பாடம் எடுக்கறியா?"

"நீங்க சுறாகிட்ட எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

சிரித்துவிட்டார். சிரிப்பு நின்றதும் முகம் விறைத்துக்கொண்டது. எல்லாக் கோரையும் ஒரே சமயத்தில் வேலை வாங்கும் சோதனைப் ப்ரோக்ராம் ஒன்று இருக்கிறது என்றேன். "நான் கிட்டயே வரல. நீங்களே பட்டன அமுக்குங்க. நின்னா, கோளாறு யாருதுன்னு நீங்களே சொல்லுங்க."

"சரி, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்றார். அதுவரைக்கும் என் ஹால் படம் காத்திருக்கணுமாம்!

மார்ச் 16, ஞாயிறு

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றேன். உள்ளே கால் வைக்கவில்லை. இவர் பட்டனை அமுக்கினார். ஃபேன் ஊளையிட்டது. ஒரு காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. நீலம்.

அப்போதும் சொல்கிறார், "இந்த ப்ரோக்ராம் கொஞ்சம் ஓவரா இழுக்குது."

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு குரல் வந்ததோ. "நகருங்க!" பாப்பாவே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவளை இவர் கையில் கொடுத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கம்பெனி அளவுக்கே திருப்பிவிட்டு அதே சோதனையை ஓடவிட்டேன். இதில் நிற்காது, இதோடு வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

மதியத்துக்குமேல் அதுவும் நின்றது. வாங்கிய நாளிலிருந்து எந்த அளவில் குறையில்லாமல் ஓடியதோ, அதே அளவில்.

"முன்னாடி இதுல ஓடிச்சே" என்றார், மெதுவாக.

"ஆமா. முன்னாடி ஓடிச்சு."

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம் வரவேண்டாமா? வரவில்லை. கெடுத்தது இவர். கெட்டது என் வேலைச் சாமான். புதிது வாங்க இப்போது வழியில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் நகராமல் அங்கேயே நிற்கிறது.

மார்ச் 17, திங்கள்

நானே வைத்தேன். வோல்டேஜை 'ஆட்டோ'வில் விடவில்லை. விட்டால் மதர்போர்டு தன் இஷ்டத்துக்கு அள்ளிக் கொடுக்குமாம். 1.25 என்று கையால் பூட்டினேன். வேகத்தை 3.8-க்கு இறக்கிச் சோதனை ஓடவிட்டு, துணி மடித்து, பாப்பாவைக் குளிப்பாட்டி, வந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. 3.9, ஓடியது. 4.0, நின்றது.

வோல்டேஜை ஒரு சொட்டு ஏற்றினால் 4.0 ஓடிவிடும். விரல் அதை ஏற்றும் பட்டன் மேலேயே இருந்தது. ஒரே ஒரு சொட்டு, யாருக்குத் தெரியப்போகிறது? இவரும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார். புரிகிறது. புரிந்ததால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

3.9-க்கே திரும்பினேன்.

மார்ச் 18, செவ்வாய்

"3.9-ஆ? வாங்கினப்போ இருந்ததவிடக் கம்மியா?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். அதற்குமேல் கேட்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

ஹால் படம் நிற்காமல் வந்தது. அனுப்பிவிட்டேன். "சோபா நிறம் மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கும்மா" என்றார் மேடம். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோபாவைத் திட்டுகிறார், சோபாவை! குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து நிறத்தை மாற்றினேன்.

மார்ச் 30, ஞாயிறு

அடுத்த வேலை, இரண்டு படுக்கையறைகள். வேகம் குறைந்ததால் ஒரு படத்துக்கே பகல் முழுவதும் போகிறது. காலையில் ஓடவிட்டது இன்னும் முடியவில்லை. இதற்கும் சேர்த்து இவர் மேல்தான் கோபம்.

சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சுறா கூப்பிட்டான். இவர் பேசியது காதில் விழுந்தது. "இல்லடா, இன்னைக்கு வரல. வீட்ல வேலை ஓடிட்டிருக்கு... ஏத்தறதா? வேணாம்டா, இது இவ்வளவுதான் தாங்கும்... யாரு சொன்னதுன்னா கேக்கற? நான்தான் சொல்றேன், போன வை."

பிறகு அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, சூடு எழுபத்திரண்டுலயே இருக்கு. பாப்பா தோள்லயே தூங்கிட்டா. ஃபேன் சத்தத்தக் கொஞ்சம் குறைக்கவா?"

"அதுல கை வைக்காதீங்க."

வைக்கவில்லை. அவளைத் தோளில் சாய்த்தபடியே அந்த அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, கூடத்துக்கு வந்து நடக்க ஆரம்பித்தார்.