கள்ளிக்கு வார்த்த மஞ்சள் தண்ணீர்

1928 ஏப்ரல் 2, திங்கள்

காலையிலேயே வெயில். காற்று இல்லை. மேட்டுக்காடு போய் வந்தேன். காடு என்று சொல்லவே வெட்கம். முழுக்கச் சப்பாத்திக் கள்ளி. எந்தக் காலத்திலோ வேலிக்கு நட்டது, உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வெட்டினால், விழுந்த மடல் ஒவ்வொன்றும் வேர் விடுகிறது.

மாசியில் விவசாய இலாகா டிமான்ஸ்ட்ரேட்டர் (டி.) கொடுத்த, கள்ளியை அழிக்கும் பூச்சி ஒட்டிய மடல்களை நானே செருகி வைத்தேன். பிடித்துவிட்டது. எங்கும் வெள்ளைப் பஞ்சு. உள்ளே பூச்சி, சாறு உறிஞ்சுகிறது. தெற்கு மூலையில் சில புதர்கள் அழுகிச் சரிந்தே விட்டன. டி. சொன்னது ஒன்றே: தண்ணீர் அடித்தால் பூச்சி போய்விடும், கோடை முடிவதற்குள் தின்று தீர்க்கட்டும்.

அப்பா சொன்னது: ஆடிக்குக் கடலைக்காய் விதைக்கக் காடு தெளியாவிட்டால், வண்டி மாட்டோடு மேட்டூர் அணைக்குக் கல் ஏற்றப் போய்விடுவார். அப்படிப் போனவர்கள் யாரும் இன்னும் ஊர் திரும்பவில்லை.

வாங்க: சீயக்காய், மண்ணெண்ணெய், பேனா முள்.

ஏப்ரல் 4, புதன்

பல்வலி. அதற்குமேல் இது. பக்கத்து வீட்டு ராமாயி அக்கா ஆடு ஓட்டிப் போன இடத்தில் பஞ்சைக் கிள்ளிப் பார்த்திருக்கிறார். விரலெல்லாம் சிவப்பு. நசுக்கினால் அந்தப் பூச்சி அப்படித்தான், சாயம் மாதிரி. வெளியே வெள்ளை முத்து, உள்ளே ரத்தம். சித்திரை வேறு நெருங்குகிறது. ஊரே முடிவு செய்துவிட்டது: கள்ளிக்கு அம்மை. மாரியம்மன் எங்கள் காட்டில் இறங்கியிருக்கிறாள்.

"கள்ளிக்கே முத்துப் போட்டுருக்குதுன்னா ஆத்தா எம்புட்டுக் கோவத்துல இருக்கோணும்" என்கிறார் அக்கா.

ஏப்ரல் 5, வியாழன்

அம்மை கண்ட வீடு என்று எங்கள் வீட்டில் தாளிப்பு நின்றுவிட்டது. பெண்கள் குடத்தோடு வரிசை. மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. மிளகாய் நாற்றுக்கு ஒரு சொம்பு கேட்டால் கிணற்றில் தண்ணீர் இல்லை; கள்ளிக்குக் குடம் குடமாக. வேப்பிலையால் துடைத்து வேறு விடுகிறார்கள். துடைத்த மடல் பச்சைப்பசேல்.

அம்மாவுக்குப் புரிய வைக்க ஒரு பூச்சியை உள்ளங்கையில் நசுக்கிக் காட்டினேன். என் புத்தி. சிவப்பைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கையக் கழுவு அம்மணி. ஆத்தாள நசுக்கிப்போட்டு எனக்குப் பாடம் சொல்ற."

அப்பாவிடம் போனேன். பொம்பளைகள் காரியம் என்று எழுந்து போய்விட்டார். அவருக்கும் பயம்.

அந்தப் பெண்களிடம் நானே சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பி.ஏ. வாங்கியும் வரவில்லை.

ஏப்ரல் 8, ஞாயிறு

இரண்டாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. முக்கால் காட்டில் பூச்சி போய்விட்டது. பூச்சி மிச்சம் இருப்பது வடக்கு ஓரத்தில் மட்டும். டி. ஆத்தூர்ப் பக்கம் போயிருக்கிறாராம். அப்பா வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட ஆசாரியிடம். ஏன் என்று கேட்டேன். கள்ளிதான் மறுபடி பிழைத்துக்கொண்டதே, இனி மேட்டூர்தான் என்றார்.

ஏப்ரல் 10, செவ்வாய்

மூன்றாம் தண்ணீர். அம்மன் மலை ஏறக் கடைசியாக வார்ப்பது. எல்லா வீட்டுக் குடமும் வடக்கு ஓரத்துக்குப் போகிறது என்று கேள்விப்பட்டபோது தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஈரத்தலையோடு ஓட்டம். ராமாயி அக்கா குடத்தைத் தூக்கியாயிற்று.

கத்திவிட்டேன். "ஊத்தாதே. பொட்டுத் தண்ணி படக்கூடாது. இங்கயே இருக்கட்டும்."

அத்தனை பேரும் திரும்பினார்கள். கூச்சத்தில் உடம்பெல்லாம் உதறியது. முடி முகத்தில். பல் கிட்டிவிட்டது.

அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் விழுந்தார். "ஊத்தலீங்க தாயி. குளுந்து போ தாயி." அம்மா குலவை இட்டாள். யாரோ நெற்றியில் திருநீறு அப்பினார்கள். நான்தான், நான்தான் என்றேன். நீதான் தாயி, தெரியுது என்றார்கள்.

சாயங்காலம். வாசல் நிறையக் கூட்டம். ஒருத்திக்கு மூக்குத்தி எங்கே விழுந்தது என்று தெரிய வேண்டும். ஒருத்திக்கு, கோபித்துப் போன மருமகள் எப்போது வருவாள் என்று. தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

எல்லோரும் போனபின் அப்பா வந்தார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டியிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏனுங் தாயி, நா மேட்டூருக்குப் போறதுங்களா, வேண்டாமுங்களா?"

என்னிடம் எதையும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. அப்பா, இது நான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"போகவேண்டாம்" என்றேன்.

"சரிங்க" என்று முதுகு காட்டாமல் நடந்து வெளியே போனார்.