பன்னிரண்டில் தொடங்கும் கோடு

ஜூன் 5, 1961. திங்கள்.

விடாத மழை. ஆபீஸ் தகரத்தில் காலையிலிருந்து ஒரே இரைச்சல். குடை இன்னும் காயவில்லை. ஹட்டனில் வாங்க வேண்டியவை: நீல மை, சவர பிளேட், அக்காவின் முழங்காலுக்குத் தைலம்.

செபஸ்டியன் படம் வரைந்து மாட்டிவிட்டார். தோட்டத் துரையின் மேசைக்கு எதிர்ச் சுவரில். ஜனவரி முதல் மே வரை, ஒரு பெண் ஒரு நாளில் பறித்த கொழுந்து, சராசரி. சிவப்பு மையில் ஒரே கோடு. இடப்பக்கம் தாழ்வாகத் தொடங்கி வலது மேல் மூலைக்கு ஏறுகிறது. உச்சியில் பச்சையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். தலைப்பு: 'முன்னேற்றம்'.

அழகு. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கோட்டில் ஒரு நடுக்கம் கிடையாது. அவர் இரண்டாம் கிளாக்கர், எட்டாம் வகுப்பு. நான் பேராதனையில் பொருளியலும் புள்ளிவிவரமும் படித்துவிட்டு வந்த தற்காலிகக் கிளாக்கர். துரை என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மத்தியானம் பாக்கியம் டீச்சர் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வெண்கட்டி கேட்டு வந்தார். படத்தின் முன் நின்றார்.

"யாருங்க வரைஞ்சது? பாத்தவொடனே வெளங்குதே."

"சும்மா, கையில மை இருந்துச்சு டீச்சர்," என்றார் செபஸ்டியன்.

"அந்தக் கைய எங்க புள்ளைங்களுக்கு ஒருநாளு அனுப்பி வைங்க."

இருவரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து டீச்சர்: "நீங்களும் இப்பிடி வரைவீங்களா?"

வரைவேன் என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஜூன் 6. செவ்வாய்.

மழை. யாரும் வருமுன் ஆபீசுக்குப் போய்ப் படத்தின் அருகில் நின்றேன். இடது ஓரத்து எண்கள். அடியில் பூச்சியம் இல்லை. பன்னிரண்டு!

ஜனவரியில் பதினைந்து ராத்தல். மே மாதம் பத்தொன்பது. கூடியது நாலு ராத்தல். ஆனால் பன்னிரண்டுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டதால் கண்ணுக்கு இரண்டு மடங்குக்கும் மேலாகத் தெரிகிறது.

மகிழ்ச்சி. கேவலமான மகிழ்ச்சி. காலைச் சாப்பாடு கூட ருசித்தது.

மற்றக் குற்றங்களும் உண்டு. ஏப்ரல், மே எப்போதுமே கொழுந்து பொங்கும் மாதங்கள். சென்ற வருடத்து ஏப்ரல், மே பக்கத்தில் இல்லை. பிறகு அந்தச் சராசரி. ஆற்றோரச் சமதரையில் பறிக்கிறவளும் எட்டாம் நம்பர் மலைச் சரிவில் பறிக்கிறவளும் ஒரே புள்ளிக்குள். தலைப்போ தீர்ப்பு, பார்க்கிறவன் பார்க்குமுன்பே சொல்லியாகிவிட்டது.

தந்திரக்காரர். துரைக்கு எது பிடிக்கும் என்று தெரிந்தே வெட்டியிருக்கிறார்.

யாரிடமும் சொல்லவில்லை. 16ஆம் திகதி கொழும்பிலிருந்து கம்பெனியின் விசிட்டிங் ஏஜண்ட் தோட்டத்தைப் பார்வையிட வருகிறார். அவர் முன்னால், துரை முன்னால், மெல்ல எழுந்து, அந்த அடிக்கோட்டைக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் வாக்கியத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றாவது நன்று. டீச்சர் காதுக்கு அன்றே போய்விடும்.

ஜூன் 7. புதன்.

மழை சற்று விட்டது. மூட்டம். சப்பாத்துக்குள் அட்டைக்கடி.

மாலையில் அக்கா கொழுந்துக் கூடையை இறக்கும்போதே:

"காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல கணக்கப்புள்ளை என்னா கத்துனாரு தெரியுமா? நாளையிலருந்து பதினெட்டாம். பதினாறு போச்சு."

"ஏனாம்?"

"தொரை செவுத்துல என்னமோ படம் பாத்தாராம். நாங்கெல்லாம் மேல மேல ஏறிப் போறோமாம். முனியம்மா கேட்டா, 'எங்கங்க ஏறுனோம், எட்டாம் நம்பர்ல வழுக்கி வழுக்கிக் கீழதான வர்றோம்'னு. பெரட்டுக்களமே சிரிச்சிருச்சு. கணக்கப்புள்ளைக்கே சிரிப்பு. ஆனா பதினெட்டு பதினெட்டுதான்."

பதினெட்டு ராத்தல் எடுத்தால் முழுப்பேர், ஒரு நாள் கூலி. ஒரு ராத்தல் குறைந்தாலும் அரைப்பேர், பாதி நாள். அக்கா எட்டாம் நம்பர் மலை. பதினாறு எடுப்பாள், நல்ல நாளில் பதினேழு. அதற்கு மேல் முழங்கால் விடாது.

16ஆம் திகதி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஜூன் 8. வியாழன்.

அடைமழை. அக்காவுக்கு அரைப்பேர்.

"பதினெட்டு நிறுத்துச்சு தம்பி. கண்ணால பாத்தேன். கொழுந்து ஈரம்னு ஒரு ராத்தலக் கழிச்சுட்டாங்க. மழைய நானா கூடையில அள்ளிப் போட்டேன்?"

இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

இன்று துரையின் அறை வாசல் வரை போனேன். உள்ளே செபஸ்டியன். துரை எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். இப்போது சொன்னால் அது ஒரு தற்காலிகக் கிளாக்கரின் முணுமுணுப்பு. அன்று சொன்னால் வேறு.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

ஜூன் 9. வெள்ளி.

அக்காவுக்கு மீண்டும் அரைப்பேர். பதினாறரை.

மத்தியானம் சாப்பிடாமல் நானே ஒரு படம் வரைந்தேன். அதே எண்கள், அதே மாதங்கள். பூச்சியத்தில் தொடங்கி அறுபது வரை. கோடு படுத்துவிட்டது. ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. தலைப்பு: 'மாற்றமில்லை'. ஒரு எண்கூடப் பொய் இல்லை! அதில் ஒரு போதை இருக்கிறது. செபஸ்டியனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

துரையிடம் அல்ல, முதலில் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். ஏன் என்று எழுதத் தேவையில்லை.

டீச்சர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அவரு படத்துல எல்லாரும் ஏறுனாங்க. இதுல யாருமே வேல செய்யல போல இருக்கே."

கோடு மூன்று இடத்தில் நடுங்கியிருந்தது. அதையும் பார்த்திருப்பார்.

ஜூன் 10. சனி.

தூறல். அக்காவுக்கு மூன்றாவது அரைப்பேர்.

காலையில் என் படத்தை செபஸ்டியன் மேசையில் போட்டேன். சண்டைக்குத்தான். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அறுபதா? அறுபது ராத்தல் எடுக்குற பொம்பளைய எனக்குக் காட்டுங்க யூனிவர்சிட்டி. நாளைக்கே கட்டிக்கிறேன்."

"நீங்க பன்னெண்டுல வெட்டுனீங்களே, துரைக்குப் புடிக்கணும்னு?"

"வெட்டுனேனா?"

லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். டிஸ்பென்சரியில் காய்ச்சல்காரர் கட்டிலில் தொங்குமே, அந்தத் தாள். கட்டம் கட்டமாக அச்சடித்தது. ஆபீசுக்கு வருமுன் நாலு வருடம் டிஸ்பென்சரியில் உதவியாளாக இருந்தாராம். படம் போடத் தெரிந்தது அந்தத் தாளில்தான். அடிக்கோடு தொண்ணூற்றைந்து டிகிரி. அதன் இடத்தில் பன்னிரண்டு ராத்தலை எழுதி, பெரிதாக்கி வரைந்திருக்கிறார்.

"காய்ச்சல் ஒரு டிகிரி ஏறுனாலும் கண்ணுல அடிக்கணும்னு டிஸ்பென்சர் ஐயா சொல்லுவாரு. அடிக்காட்டி ஆள் போயிருவான். அதையேதான் இங்கயும் செஞ்சேன். தப்பா?"

சொன்னேன். எல்லாவற்றையும். பதினெட்டு எங்கிருந்து வந்தது என்பதையும். அவருக்குத் தெரியவே தெரியாது. எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என் படத்தாலயா?"

தந்திரம் இல்லை. தந்திரம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி.

மாலை முழுக்க அந்தத் தாளே ஞாபகம். காய்ச்சலைப் பூச்சியத்திலிருந்து வரைந்தால் சாகிறவனும் சுகமானவனும் ஒரே கோட்டில் கிடப்பார்கள். ஆக, அடியை வெட்டுவது மட்டும் குற்றமல்ல. ஒரு டிகிரி அங்கே ஓர் உயிர். ஒரு ராத்தல் இங்கே அக்காவின் பாதி நாள். என் அறுபது அதை மறைக்கிறது. அவர் பன்னிரண்டு இல்லாத ஏற்றத்தைக் காட்டுகிறது. அவர் தெரியாமல் செய்தார்.

ஜூன் 11. ஞாயிறு.

வெயில் ஒரு மணி நேரம். லயத்து வாசல் முழுக்கக் காயும் துணி.

பூசை முடிந்து வந்த செபஸ்டியனுடன் அவர் குவார்ட்டர்ஸில் புதிதாக வரைந்தோம். முதல் தாள்: போன வருடக் கோடும் இந்த வருடக் கோடும், பூச்சியத்திலிருந்து இருபத்தைந்து வரை. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே ஏறுகின்றன. அதே ஏப்ரல், அதே மே.

இரண்டாம் தாள் என் யோசனை. சராசரி வேண்டாம். எட்டாம் நம்பரில் இருபத்தாறு பெண்கள், இருபத்தாறு புள்ளி. மே மாதத்தில் ஒவ்வொருத்தியும் நாளுக்கு எடுத்த கொழுந்து. குறுக்கே பதினாறில் ஒரு கோடு, பதினெட்டில் ஒரு கோடு.

நான் செக்ரோலை, ஆள்வாரிக் கணக்குப் புத்தகத்தை, பார்த்து வாசிக்க, அவர் புள்ளி வைத்தார். ஒன்றை நான் வைக்கிறேன் என்று பேனாவை வாங்கினேன். மை கொட்டிப் பெரிதாகிவிட்டது.

"பரவாயில்ல, அது முனியம்மா. ஆளு கொஞ்சம் தடிப்புதான்."

"ஒருத்தி மட்டும் பெருசா இருந்தா கண்ணு அங்கதான் போகும்," என்றேன்.

பிளேடால் சுரண்டி, அவரே திரும்ப வைத்தார். தெரியவே இல்லை. அந்த விரல்களை வெறுத்தேன்.

அக்காவின் எண் வந்தபோது நின்றுவிட்டேன். "சொல்லுங்க," என்றார். சொன்னேன்.

பதினெட்டுக்குக் கீழே பதினைந்து புள்ளிகள்.

"தலைப்பு?"

"மலை நம்பர், மாதம், ராத்தல். அவ்வளவுதான்."

அவர் முகம் வாடியது. மூலையில் சின்னதாக ஒரு இலை போடலாமா என்றார். போடச் சொன்னேன்.

ஜூன் 12. திங்கள்.

மழை. துரை இரண்டு தாளையும் நெடுநேரம் பார்த்தார். கீழே உள்ள புள்ளிகளை விரல் வைத்துத் தானே எண்ணினார். கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார். சரிவு மலைகளுக்கெல்லாம் பழையபடி பதினாறு, இன்றிலிருந்தே. மற்றவை மழைக்குப் பிறகு பார்க்கலாம். முந்தைய வார அரைப்பேர் பற்றி ஒரு சொல் இல்லை.

பிறகு, வழக்கம்போல, "நல்ல கை, செபஸ்டியன்."

"கை மட்டுந்தாங்க சேர். மொதப் படம் என்னோட பிழை. கண்டுபிடிச்சது இவரு."

துரை முதன்முறையாக என்னைப் பார்த்தார். செபஸ்டியனுக்கு நன்றி சொன்னேனா, ஞாபகமில்லை. அவர் விழுவதற்கு நான் மூன்று வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். அவர் ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. அவர் இடத்தில் நான் சொல்லியிருப்பேனா? மாட்டேன். கோட்டைக் கூடப் பழகிவிடலாம். இதை எங்கே போய்ப் பழகுவது?

மாலை டீச்சர் ஆபீஸ் வாசலில். "பிழைய அவராவே ஒத்துக்கிட்டாராமே!" என்னிடம்தான் சொன்னார். கண்ணெல்லாம் அவரைத் தேடிக்கொண்டு.

வீடு. அக்கா இன்று பதினாறேகால், முழுப்பேர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் செபஸ்டியன் வந்து நின்று, தன் படம்தான் பிழை, பன்னிரண்டில் தொடங்கியது தப்பு, மன்னிச்சுக்கோங்க என்று எல்லார் முன்னாலும் கும்பிட்டாராம். முனியம்மா அழுதுவிட்டாளாம்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அக்கா கேட்டாள்: "அந்தப் பன்னெண்டு கோளாறு ஒனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "போன செவ்வாக்கெழம," என்றேன்.

விரலை மடக்கினாள். வியாழன், வெள்ளி, சனி. கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

"எட்டாம் நம்பர்ல எல்லாருக்கும் புள்ளி வச்சீங்களா?"

"வச்சோம்."

"ஒன்னய எங்க வச்சே?"