பெரியவரின் ஓட்டில் வெள்ளைக் கோடு

மார்ச் 4
கடையிலிருந்து வந்து கூப்பிட்டேன். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைத்துனன் துரை தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் பாதத்தோரம் ஒட்டிக்கொண்டு பெரியவருக்குத் தூக்கம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியவர்தான். ஓர் ஆமைக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்பவர்களிடம், கல்யாணத்துக்கு முன்பே என்னோடு இருந்தவர் என்பேன்.

மனைவியின் தம்பி வேலை தேடி வந்து ஐந்து மாதம் ஆகிறது. வேலை கிடைத்தபாடில்லை. என் ஆமை கிடைத்துவிட்டது.

மார்ச் 7
வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தேன். முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டார். இப்போதுதான் சாப்பிட்டார் மாமா என்றான் துரை. யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று வாய்வரை வந்தது. மனைவி பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன்.

மார்ச் 8
நாற்பது தாண்டிய ஆளுக்கு ஓர் ஆமையால் வயிற்றெரிச்சல். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மார்ச் 12
ஓட்டில் ஒரு கோடு. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில், வெள்ளையாக. போன மாதம் இது இல்லை. இருந்ததா? நான் எப்போது கடைசியாகத் தூக்கிப் பார்த்தேன்?

என் மூக்குக் கண்ணாடிக் கடையில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை வீட்டுக்கே எடுத்துவந்து பார்த்தேன். ஒரு கோடு இல்லை. எல்லாக் கட்டங்களையும் சுற்றி ஓடுகிறது. விரிசல்தான், வேறென்ன? ஓடு பிளந்தால் பிழைப்பாரா? பயத்தோடு கூடவே இன்னொன்றும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். சந்தோஷம். துரை மாட்டிக்கொண்டான்.

மார்ச் 13
சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்.

"கீழ போட்டியா?"

"இல்ல மாமா."

"பின்ன தானா உடையுமா? நாள் பூரா நீதானே வச்சிருக்க."

அவன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான், தட்டைக் கழுவி வைத்தான், படுக்கப் போனான். நான் கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் அவனும் ஏதாவது சொல்லியிருப்பான். மனைவி அதன் பிறகு என் பக்கமே திரும்பவில்லை.

மார்ச் 15
மைத்துனன் போய்விட்டான். நண்பனின் அறையில் தங்கிக்கொள்கிறானாம். வீட்டில் இப்போது பெரியவர் எனக்கு மட்டும்தான். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்?

மார்ச் 18
பெரியவரைக் கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார். விரிசலே இல்லையாம். புது ஓடாம். வளரும்போது கட்டங்களுக்கு நடுவில் இப்படி வெள்ளையாகத்தான் வருமாம். இத்தனை வருடமாக வளராமல் நின்றுபோயிருந்தவர், இப்போதுதான் நன்றாக வளர ஆரம்பித்திருக்கிறாராம்.

"ரொம்ப நல்லா கவனிச்சிருக்காங்க. யாரு பாத்துக்கறது?"

நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? யோசிக்கவே இல்லை, வந்துவிட்டது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். வெள்ளரிக்காய் என்றேன். அவர் நெற்றி சுருங்கியது. வெறும் வெள்ளரிக்காயில் இப்படி வளராதே என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டில், ஒன்றும் இல்லையாம் என்று மட்டும் சொன்னேன். அப்படியென்றால் தம்பி மேல் எதற்குப் பழி போட்டீர்கள் என்று மனைவி கேட்டாள். தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டேன்.

இத்தனை வருடம் என் கையில் வளரவே இல்லை. ஐந்து மாதத்தில் அவன் கையில் வளர்ந்திருக்கிறார். எப்படித்தான் பொறுத்துக்கொள்வது?

மார்ச் 23
பெரியவர் சாப்பிடவில்லை.

மார்ச் 24
இன்றும் இல்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கிறார். அவனை நினைத்து ஏங்குகிறாரோ? ஏங்கட்டுமே என்று ஒரு நிமிடம் கோபம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. என் பிடிவாதத்துக்கு அந்த வாயில்லா ஜீவன் சாகணுமா? என்ன மனுஷன்டா நீ.

மார்ச் 26
பெட்டியோடு அவன் அறைக்குப் போனேன். ஒரே அறையில் நான்கு பேர். வாங்க மாமா என்றான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. முதலில் பெட்டியைத்தான் திறந்து பார்த்தான். தினமும் காலையில் மாடிக்குத் தூக்கிப்போய் இலை பறித்துக் கொடுப்பானாம். கோடு ஆபத்தில்லையாம் என்று பாதியை மட்டும் சொன்னேன். மறுநாள் டாக்டரம்மாவிடம் தானும் வருவதாகச் சொன்னான்.

மார்ச் 27
டாக்டரம்மா கேட்டது, தினமும் வெயில் காட்டுகிறீர்களா என்று. இல்லை என்றேன்; அவன் மாடிக்குத் தூக்கிப்போனது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. உடம்பில் சூடு ஏறாவிட்டால் ஆமைக்குப் பசிக்காதாம். அப்படியானால் அவனுக்காக ஏங்கவில்லை, வெயிலுக்காகத்தான். இந்த நிலைமையிலும் அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

போன தடவை எல்லாம் நீங்களே செய்வதாகச் சொன்னீர்களே என்றார் டாக்டரம்மா. மைத்துனன் என்னை ஒரு தடவை பார்த்தான். புரிந்துகொண்டான்.

"ஆமா டாக்டர், எல்லாம் மாமாதான். இந்த ஒரு வாரம் அவருக்கு நேரம் கிடைக்கல."

இதிலும் அவன்தான் முந்தினான். என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல டாக்டர். காலைல மாடிக்குத் தூக்கிட்டுப் போனது, இலை பறிச்சுக் குடுத்தது எல்லாம் இவன்தான். நான் இவன் மேல பழி போட்டு வீட்ட விட்டுத் துரத்தினேன்."

அவன் கூரையைப் பார்த்தான். டாக்டரம்மா மருந்து எதுவும் எழுதவில்லை. வெயில் போதும் என்றார்.

திரும்பும் வழியில் அவன் அறைக்குப் போனோம். நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. துணியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். வீட்டுப் படியில் பெட்டியை அவன் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினான். அவன் பையை நான் தூக்கிக்கொண்டேன்.