எந்தப் பரீட்சையை எழுதட்டும்?

திருவண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள விமலுக்கு,

கஸ்தூரி எழுதுகிறேன். அத்தையும் மாமாவும் சௌக்கியம். மாமாவுக்கு முழங்கால் வலி கம்மியாகிவிட்டது. சித்ரா பௌர்ணமிக்கு மலை சுற்றியே தீருவேன் என்று அடம்பிடிக்கிறார். ஒட்டாவாவில் இன்னும் குளிர்தானா? தலைக்குக் குல்லா போடுங்கள். முடி கலைந்தால் அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்?

போனில் பேச முடியாததால்தான் இந்த மெயில். போனை எடுத்தாலே நீங்கள் கனடா விண்ணப்பத்தின் புள்ளிக்கணக்கில் இறங்கிவிடுகிறீர்கள்.

நேற்று பாண்டிச்சேரி போய் நமக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த தேவிப்ரியா மேடத்தைப் பார்த்தேன். "எந்தப் பரீட்சை நல்லதுன்னு என்னைக் கேக்காத கஸ்தூரி. எதுக்கு எழுதப்போறேன்னு நீ சொல்லு" என்றார். டெல்ஃப் என்கிற பிரெஞ்சுப் பரீட்சையின் சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும். இங்கே ஒரு பள்ளியில் ஜூனிலிருந்து பிரெஞ்சு டீச்சர் வேலை தருகிறார்கள், அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கனடாவில் குடியேற நீங்கள் போடும் விண்ணப்பத்தில் அது எடுபடாதாம். அதற்கு டெஃப் கனடா எழுத வேண்டும். அது இரண்டு வருடம்தான் செல்லும். பிரெஞ்சு என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நான் பாட்டுக்கு டெல்ஃபுக்கே படித்துக்கொண்டிருந்தேன்! இரண்டும் அடுத்த மாதம் ஒரே வாரத்தில் வருகின்றன. கேள்வி கேட்கும் விதமே வேறு, ஏதாவது ஒன்றைப் பிடி என்கிறார் மேடம். வெள்ளிக்கிழமைக்குள் பதிய வேண்டும்.

திரும்பும்போது செஞ்சி வழி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிறுதோறும் வகுப்புக்குப் போவோமே, அந்த பஸ்தான். என்னிடம் பாடத்தில் கேள்வி கேட்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்காருவீர்கள். கேட்கிற கேள்விக்கு உங்களுக்கே விடை தெரியாது.

அடி அண்ணாமலையில் ஒரு பிரெஞ்சு அம்மா வழி கேட்டது ஞாபகம் இருக்கிறதா? பெரிய மேதை மாதிரி இடம் வலம் மாற்றிச் சொல்லி, மலையை எதிர்ச்சுற்றாகச் சுற்ற அனுப்பிவிட்டீர்கள். பௌர்ணமிக் கூட்டமே, "அந்தப் பக்கம் போகக் கூடாதும்மா" என்று கை காட்ட, அவர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார். நீங்கள் வெறுங்காலோடு ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கூட்டிவந்தீர்கள். பிறகு அவருக்குத் துணையாக மீதிச் சுற்றும் நடந்தீர்கள். இவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அந்த நாட்கள் எனக்குத் திரும்ப வேண்டும்போல் இருக்கிறது, விமல்.

நீங்கள் இல்லாமல் இரண்டு தீபம் பார்த்துவிட்டேன். என் பிரெஞ்சு உங்கள் விண்ணப்பத்துக்கு எத்தனை புள்ளி சேர்க்கும் என்று நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். புள்ளிக்காக விமானம் ஏற எனக்கு மனசில்லை. பள்ளி வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அதையும் விட்டுவிட்டு வருவேன். ஆனால் நீங்கள் ஒரு தடவைகூட என்னை, "வா" என்று கூப்பிடவில்லையே.

அண்ணாமலையார் உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிடுங்கள். கணக்கு வேண்டாம், கூப்பிட்டால் போதும்.

உங்கள்
கஸ்தூரி