பிளக் உன்னிடமே இருக்கட்டும்

லாபு தோட்டம்
சுபானு வருஷம், ஐப்பசி மூன்றாம் தேதி

அன்பு மகன் தங்கராஜுவுக்கு அம்மா பஞ்சாலை ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் வேளைக்கு ஏதோ ஒன்றைத் தின்று சுகமாக இருக்க வேண்டும். தபாலில் போட்ட கார்டில் எல்லாரும் சௌக்கியம் என்று மட்டும் எழுதினேன், அதைப் பல கண் படிக்கும். இதைக் கெமாஸில் ரயிலுக்குக் கரி போடும் இராஜமாணிக்கம் சோற்றுத் தூக்கின் அடியில் வைத்துக் கொண்டு வருகிறான், அவனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடு. உன் மோட்டார் சைக்கிளை விற்றுவிடும்படி நீ சொல்லி அனுப்பினாய் அல்லவா, அதற்கு என் பதில் முடியாது என்பதுதான். பெடாஸில் மோட்டார் ரிப்பேர் கடை போடுவேன் என்று நீ ஆசையாகச் சொன்னதை நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை. மோட்டார் இல்லாமல் கடை ஏது, அதை விற்று வாங்கும் அரிசி நாலு மாதத்தில் வயிற்றோடு போய்விடும்.

ஆனால் அதை வைத்துக்கொள்வதும் லேசான காரியமாக இல்லை. இன்சூரன்ஸ் காகிதம் இருந்தால்தான் வண்டிக்குப் பாஸ், புரட்டாசிக் கெடுவுக்குள் பாஸ் வாங்காத வண்டியை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று சப்பான்காரர்கள் உத்தரவு போட்டார்கள். சிரம்பானில் வழக்கமாக எழுதும் ஏஜெண்டிடம் போனேன். வெள்ளைக்காரன் கம்பெனி போர்டைக் கழற்றிவிட்டு வேறு போர்டு மாட்டியிருக்கிறார், ஆள் அவரேதான். சித்திரையில் சொன்ன தொகை ஆடியில் இரட்டிப்பு, புரட்டாசியில் சொன்னதற்குச் சப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு ஒரு கூடை வேண்டும். பெட்ரோலும் கிடையாது சாமானும் கிடையாது அதனால்தான் ஏறிவிட்டது என்றார். பெட்ரோல் இல்லாமல் சும்மா நிற்கிற வண்டிக்கு ஓடுகிற வண்டியைவிட எதற்கு ஐயா அதிகம் என்று கேட்டேன், அவர் விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார். சரி, ஊரில் இவர் ஒருத்தர்தானா என்று பெடாஸுக்கு நடந்தேன். அங்கே ஒரு கடைக்காரர் மலிவாகத் தருகிறார், ஆனால் வண்டி தீப்பிடித்து எரிந்தால் மட்டும்தான் பணமாம். அது என்ன அடுப்பு விறகா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கெமாஸ் தரகரோ ஓட்டுகிறவன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார், உன்னை எங்கே போய்ப் பிடிப்பேன். கடைசியில் மூன்று பேரிடமும் ஒரே கேள்வி கேட்டேன், சப்பான் பட்டாளத்தான் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால் பணம் உண்டா என்று. மூன்று பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். எந்தத் திருடனுக்குப் பயந்து பூட்டு வாங்கப் போனேனோ அந்தத் திருடனிடம் மட்டும் அந்தப் பூட்டு செல்லாதாம். அப்படிப்பட்ட பூட்டு எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

உன் அப்பா விற்றுவிடலாம் என்று முனகினார், நான் உன் ஸ்பானரைக் கையில் கொடுத்துப் பிரியுங்கள் என்றேன். மனுஷர் முனகிக்கொண்டேதான் பிரித்தார், ஆனால் ஒவ்வொரு சாமானுக்கும் எண்ணெய் போட்டுத் துணி சுற்றினார், அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்சக்கரம் வள்ளியம்மா வீட்டு விறகுக்குப் பின்னால், பின்சக்கரம் வீரமுத்து வீட்டுப் பரணில், பெட்ரோல் டாங்கி மயிலம்மாளின் கோழிக்கூண்டுக்கு அடியில், எஞ்சின் நம் வீட்டுக் கிழங்குக் குவியலுக்குள். பக்கத்து வீட்டுக்கும் மூச்சு விடக்கூடாது என்று ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கினேன். எல்லாரும் சத்தியத்தைக் காப்பாற்றினார்கள், அதுதான் வினையாகிப் போனது.

ஆயுத பூஜை வந்தது. இந்தக் காலத்தில் கடலைக்கு எங்கே போவது, கிழங்கையே சுண்டலாகத் தாளித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். போனால் பால் வெட்டும் கத்தி, மண்வெட்டி, வாளி எல்லாம் வரிசையாக இருக்க, அதற்குப் பக்கத்தில் முன்சக்கரம், பின்சக்கரம், டாங்கி, எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். வீட்டில் இருக்கிற இரும்பைப் பூஜைக்கு வைக்காவிட்டால் தோஷம் என்று அவரவர் யாருக்கும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எஞ்சினைச் சுமந்து வந்தது யார் தெரியுமா, உன் அப்பாதான். நான் தலையில் கை வைப்பதற்குள் சப்பான்காரன் வண்டி வந்து நின்றது. ஒரு அதிகாரியும், கூட வண்டி ஆபீஸில் பாஸ் எழுதும் கிராணி சிவசுப்பிரமணியமும் இறங்கினார்கள். காகிதம் இல்லாமல் பாஸ் கொடுங்கள் என்று அந்தக் கிராணியிடம் நான் ஒருநாள் முழுக்க மன்றாடியிருந்தேன், என் முகம் அவருக்கு மறந்திருக்காது.

அதிகாரி சக்கரத்தைக் காட்டி ஏதோ கேட்டான். நான் முன்னால் போய் நின்றேன். இது பழைய இரும்பு, இன்றைக்கு ஒருநாள் உடைந்ததற்கும் பூஜை உண்டு என்றேன். கிராணி குனிந்து எஞ்சினைப் பார்த்தார். நீ போகும்போது வேறு யாரும் ஓட்டிவிடக் கூடாது என்று பிளக்கைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனாயே, அந்த ஓட்டையில் மயிலம்மாள் ஒரு செம்பருத்திப் பூவைச் செருகி வைத்திருந்தாள். அவர் அந்தப் பூவையே கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதிகாரியிடம் அவன் பாஷையில் என்னவோ சொன்னார், அவன் சிரித்துவிட்டு என் கையிலிருந்த சுண்டலில் ஒரு பிடி வாங்கித் தின்றுகொண்டே வண்டியில் ஏறினான். கிராணி போகிற போக்கில் தாழ்ந்த குரலில், பூசை முடிஞ்சதும் சாமான்களை அவரவர் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுங்கோ அம்மா என்றார். அந்த மனுஷருடைய பிள்ளைகுட்டி நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறேன். கெடு தாண்டிவிட்டது, லாரி நம் லயத்து வீடுகள் பக்கம் வரவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் நனையாதே. போனவர் திரும்பாத அந்தச் சயாம் ரயில் வேலைக்கு மெஷின் பூட்டுகிற பிட்டர் தேவை என்று கேட்டால் கை தூக்காதே, உனக்குச் சுத்தியல் பிடிக்கக்கூடத் தெரியாது என்று சொல்லிவிடு, அதில் ஒரு வெட்கமும் இல்லை. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் உன் சாமானை எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள், உன் கையில் தவிர வேறு யாரிடமும் தரமாட்டோம் என்கிறார்கள். மாரியம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. பிளக்கைத் தபாலிலும் அனுப்பாதே, இராஜமாணிக்கம் கையிலும் கொடுத்து விடாதே. அதை நீயேதான் கொண்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
பஞ்சாலை நல்லசாமி