விட்டுப்போன ‘வாஸ்’

செவ்வாய்க்கிழமை, மேனாம்பேடு

ஏழாம் வகுப்பில் நான் ஆங்கிலம் நடத்துவதைப் பார்க்க இன்று பயிற்சி மையத்திலிருந்து ஒரு அம்மா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போன வாரப் பயிற்சியில் சொன்னபடி செய்துகாட்ட வேண்டும். பிள்ளை தப்பாகச் சொன்னால் திட்டக் கூடாது. சரியான வாக்கியத்தை வகுப்பே சேர்ந்து மூன்று முறை சொல்ல வேண்டும்.

நேற்று வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். சங்கீதா எழுந்தாள்.

“யெஸ்டர்டே மை ஃபாதர் ஹேண்ட் கட், மிஸ்.”

என் காதில் விழுந்தது விட்டுப்போன ‘வாஸ்’ மட்டும்தான். “வெரி குட்! ‘ஹேண்ட் வாஸ் கட்’னு சொல்லணும்மா” என்றேன். நாற்பது பிள்ளைகளும் மூன்று முறை கத்தினார்கள். அவளும் கூடவே சொன்னாள். எல்லோரையும் நோட்டில் எழுதவும் வைத்து, திருத்துவதற்கு வாங்கி வைத்தேன்.

மணி அடித்ததும் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் ஓடி வந்தாள். “மிஸ், அவங்கப்பாவுக்கு நெசமாவே கை பூட்ச்சி. பாடில கீற கம்பெனில மிஷின்ல மாட்டிகினாரு. எல்லாரும் ஆஸ்பத்திரில கீறாங்க. ஊட்ல யாரும் இல்லன்னுதான் இவ ஸ்கூலுக்கு வந்தா.”

நான் திரும்புவதற்குள் சங்கீதா போய்விட்டாள்.

மதிப்பீட்டுத் தாளில் ‘பிழை திருத்தம்: மிக நன்று’ என்று அந்த அம்மா எழுதியிருந்தார். அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். என்ன பிழைப்பு இது.

இப்போது அவள் நோட்டு என் முன்னால் இருக்கிறது. வாக்கியம் சரியாக இருக்கிறது. ‘வாஸ்’ஸுக்குக் கீழே அவளே கோடு போட்டிருக்கிறாள்.

டிக் போட எனக்குக் கை வரவில்லை.