கோட்டுப் பை ஆசீர்வாதம்

செப்டம்பர் 9, திங்கள்

வெறும் வயிற்றில் சர்க்கரை 7.9; ஆறுக்குள் இருக்க வேண்டுமாம். பணிமனை டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பினார். "ஒரு மாசம் டைம் தர்றேன், ரௌஷன். இறங்கலேன்னா பஸ் ஓட்டக் கையெழுத்துப் போட மாட்டேன்." பதினாறு வருஷமாகக் கிசில்ஓர்தா நகரின் மூன்றாம் நம்பர் பஸ் என் கையில்தான் ஓடுகிறது. அதிலிருந்து இறக்கிவிட்டால் நான் யார்? இன்றிலிருந்து தேநீரில் சர்க்கரை கிடையாது. தின்பதையெல்லாம் இங்கே எழுதப் போகிறேன்.

செப்டம்பர் 11

வெறும் தேநீர். சகிக்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

நாத்தனார் குல்பாஷ் அக்காவின் பேரனைத் தொட்டிலில் போட்டார்கள். வழக்கம்போல் ஷஷூ, வாழ்த்திக்கொண்டே மிட்டாய் வீசுவது. வீசிய மிட்டாயைப் பொறுக்கினால் அதிர்ஷ்டம் என்று அத்தனை பேரும் தரையில் முண்டினார்கள். நான் ஒதுங்கித்தான் நின்றேன். கிளம்பும்போது அக்கா என் கோட்டுப் பையில் இரண்டு கை அள்ளித் திணித்தாள்.

"வேணாங்க்கா, டாக்டர் திட்டுவாங்க."

"ஏண்டி, இது மிட்டாயா? பிள்ளையோட ஆசீர்வாதம்டி! வேணாம்னு சொன்ன வாயைக் கழுவு."

இந்த மனுஷியோடு மாரடிக்க முடியவில்லை.

செப்டம்பர் 20

தின்றது: ஒன்றுமில்லை. இப்படி எழுதிவிட்டுக் கோட்டை மாட்டப் போனால் பையிலிருந்து மிட்டாய்க் காகிதமாகக் கொட்டுகிறது. பதினொன்று! அடிப் பாவி, ஆசீர்வாதம் என்பதால் கணக்கிலேயே சேர்க்கவில்லையா? மிச்சத்தைத் தூக்கிப் போடவும் கை வரவில்லை. ஷஷூவை யாராவது குப்பையில் போடுவார்களா? யாரை ஏமாத்துறேன் நான்?

செப்டம்பர் 24

மூன்று நாளாக, மிட்டாய்க்குக் கை போகும் நேரத்தை மணி பார்த்து எழுதுகிறேன். நாலரை. நாலு இருபது. நாலரை. மத்தியானச் சுற்றில் சாப்பிட நேரமில்லாமல் தேநீரோடு ஓட்டுகிறேன். நாலு மணி தாண்டினால் உடம்பு வெலவெலத்து, கை தானாகப் பையைத் துழாவுகிறது. இத்தனை நாள் நாக்கைத் திட்டினேன். பசித்தது வயிற்றுக்கு.

செப்டம்பர் 26

கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, வேகவைத்த இறைச்சி தின்றேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அம்மாடி, நாங்க நடந்தே போயிடட்டுமா?" என்றார். "நான் தின்னாத்தான் வண்டி ஓடும், பொறுங்க." நாலரைக்கு ஆசை வந்தது, ஆனால் அந்த வெறி இல்லை. ஒரு குர்த்து உருண்டையை வாயில் அடக்கிக்கொண்டேன். உலர்ந்த தயிர், உப்பு, கல் மாதிரி. நாலு நிறுத்தம் தாண்டியும் கரையவில்லை.

செப்டம்பர் 29

அக்கா மறுபடியும் ஒரு பை மிட்டாயோடு வந்தாள். பொறுக்க முடியவில்லை. "என்னை வண்டியிலேர்ந்து இறக்கத்தான் பாக்குறீங்களா? நாலரை மணிக்கு நான் குர்த்தைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன், நீங்க ஆசீர்வாதம் ஆசீர்வாதம்னு உயிரை வாங்குறீங்க!" அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொன்னதில் தப்பில்லை. சொன்ன விதம் —

அக்டோபர் 4

அக்கா போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

அக்டோபர் 9, புதன்

5.9. கையெழுத்து கிடைத்துவிட்டது!

வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே குல்பாஷ் அக்கா; என் வீட்டுக்காரர் போனில் சொல்லியிருக்க வேண்டும். "நல்லாயிரு!" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் ஷஷூ வீசினாள். ஐயோ, மறுபடியுமா என்று பல்லைக் கடித்தேன். மண்டையில் ணங்கென்று விழுந்தது. மிட்டாய் இல்லை. அத்தனையும் குர்த்து.

"வலிக்குதாடி?"

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும். அன்னைக்கு நீ கத்துனது எனக்கும் வலிச்சுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருவரும் தரையில் குனிந்து ஒன்று விடாமல் பொறுக்கினோம். அக்கா என் கோட்டுப் பையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.